விரிசல் விட்ட பிரேக் லீவர்: இணைப்பதா, மாற்றுவதா?

பிரேக் லீவரில் மயிரிழைபோல ஒரு விரிசல். அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு நான்கு பேரிடம் போனால் நான்கு விதமாகப் பேசுவார்கள். சைக்கிள் கடைக்காரர், “தூக்கிப் போடுங்க சார், புதுசு மாட்டிடலாம்” என்பார். ஆர்கான் வெல்டிங் பட்டறையில், “பத்து நிமிஷ வேலை, வெச்சிட்டுப் போங்க” என்பார்கள். உலோகவியல் தெரிந்தவர் லீவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது காஸ்டிங்கா, ஃபோர்ஜிங்கா?” என்று, அதாவது வார்த்ததா, அடித்து உருவாக்கியதா என்று கேட்பார். பழைய சைக்கிள் சேகரிப்பவருக்கு விரிசல் இரண்டாம்பட்சம். எந்த வருஷத்து மாடல் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நால்வரும் தங்கள் அளவில் சரியாகவே பேசுகிறார்கள். ஆனால் ஒவ்வொருவர் மனத்திலும் இருப்பது வேறொரு லீவர்.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலுமினிய லீவரில் சுமை ஏறும் இடத்தில் விழுந்த விரிசலை இணைத்து ஓட்டக் கூடாது, அது வெல்டிங்கானாலும் சரி, பசையானாலும் சரி. எஃகு லீவரை இணைக்கலாம். நம் ஊர்களில் காலங்காலமாக இணைத்தும் வந்திருக்கிறார்கள். இதுவரை பெரிய வழக்கில்லை. மாற்றுவது என்று முடிவானபின் எவ்வளவு மாற்றுவது என்பதில்தான் வழக்கு தொடங்குகிறது. விரல் படும் அந்த ஒரு பிளேடை மட்டுமா, லீவர் முழுவதையுமா, கியர் மாற்றியோடு சேர்ந்த மொத்த அமைப்பையுமா? காசும் பொருளும் வீணாவது அங்கேதான்.

லீவர் ஒரு சாதாரண நெம்புகோல். ஒரு முனையில் சுழலும் ஆணி, அதற்குச் சற்றுத் தள்ளி பிரேக் ஒயரின் குண்டு உட்காரும் குழி, அதிலிருந்து நீளும் பிளேடு. விரல்கள் பிளேடை ஹேண்டில்பார் பக்கம் இழுக்கும்போது ஒயர் எதிர்த்து நிற்கிறது. அந்த இழுபறி முழுவதையும் தாங்குவது ஆணிக்கும் ஒயர்க் குழிக்கும் அருகிலுள்ள வேர்ப்பகுதி. சைக்கிள் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 4210, லீவர் முனையிலிருந்து 25 மி.மீ. உள்ளே 450 நியூட்டன் விசையைப் பத்து முறை கொடுத்துச் சோதிக்கச் சொல்கிறது. லீவர் அதற்குள் கைப்பிடியைத் தொட்டுவிட்டால் அந்த விசையோடு நிறுத்திக்கொள்ளலாம். 450 நியூட்டன் என்பது சுமார் 46 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். அமெரிக்க அரசின் விதியும் ஏறத்தாழ அதே அளவையே, 445 நியூட்டனை, வைத்திருக்கிறது. தினசரி ஓட்டத்தில் நாம் அதில் கால்வாசிகூடக் கொடுப்பதில்லை. விரிசல் விட்ட லீவர் மாதக்கணக்கில் உழைத்து நம்மை ஏமாற்றுவதற்கு இந்த இடைவெளிதான் காரணம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேர்ப்பகுதி 8 மி.மீ. அகலம், வளையும் திசையில் 10 மி.மீ. கனம் உள்ள ஒரு மெல்லிய லீவர். அங்கிருந்து 7 செ.மீ. தள்ளி விரல்கள் 100 நியூட்டன் விசை கொடுத்தால், வேரின் மேற்பரப்பில் உண்டாகும் தகைவு (ஓரலகுப் பரப்பில் ஏறும் விசை) 52.5 மெகாபாஸ்கல். இப்போது அதில் 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரு விரிசல். கனத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் போயிற்று, பலத்திலும் ஐந்தில் ஒரு பங்குதான் போகும் என்று மனம் கணக்குப் போடும். வளைவைத் தாங்கும் திறன் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே போனது 36 சதவீதம்; தகைவு 82-க்கு ஏறிவிடுகிறது. நாய் குறுக்கே பாய்ந்து 300 நியூட்டன் அழுத்த நேர்ந்தால் 158 ஆக இருக்கவேண்டியது 246 ஆகும். நல்ல ஃபோர்ஜிங் லீவர்களுக்கு எடுக்கும் 6061-டி6 அலுமினியக் கலவையே 276-ல் நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும்.

விரிசல் முனையின் கூர்மையை இந்தக் கணக்கு இன்னும் சேர்க்கவில்லை. நீள்வட்டத் துளையின் கூரான முனையில் தகைவு எத்தனை மடங்கு குவிகிறது என்பதை பொறியாளர் இங்லிஸ் 1913-இல் கணக்கிட்டுக் காட்டினார். துளை எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு குவிப்பு. விரிசல் என்பது ஒடுக்கத்தின் உச்சம். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் கண்ணாடியை வைத்து ஆராய்ந்த கிரிஃபித், 1921-இல் வெளியிட்ட ஆய்வில் அடுத்த படியை வைத்தார்: விரிசல் ஓர் அளவைத் தாண்டிவிட்டால் அது தானாகவே ஓடும், இழுக்கும் விசையைக் கூட்டவேண்டிய தேவைகூட இல்லை. “லேசாத்தானே விட்டிருக்கு” என்ற சமாதானத்துக்கு இந்த இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு அறிவியலில் இடமில்லை.

விரிசல் எந்தப் பக்கம் என்பதும் ஒரு செய்தி சொல்லும். பிரேக் பிடிக்கும்போது பிளேடின் முன்புறம், அதாவது ஹேண்டில்பாருக்கு எதிர்ப்புறம், இழுபடுகிறது, உட்புறம் அமுங்குகிறது. ஆகவே முன்புறத்தில் வேருக்கு அருகே குறுக்காக ஓடும் கோடு, பல்லாயிரம் முறை அழுத்தி அழுத்தி வந்த உலோக அயர்ச்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உட்புறத்தில் தென்படும் விரிசல் பெரும்பாலும் விழுந்த அடியில் லீவர் வெளிப்பக்கம் நெளிந்ததால் வந்தது. இரண்டாவது வகை பிரேக் பிடிக்கும்போது மூடிக்கொள்ளும், அதனால் கண்ணுக்குத் தப்பும். அடுத்த விழுதலில் வாய் திறக்கும்.

உலோக அயர்ச்சியை முறையாக ஆராய்ந்தவர் ஜெர்மனியின் அவ்குஸ்ட் வோலர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரயில் அச்சுகள் காரணம் தெரியாமல் ஒடிந்துகொண்டிருந்தபோது, ஒரே அச்சை மீண்டும் மீண்டும் வளைத்துச் சோதித்தார். எஃகுக்கு ஓர் எல்லை இருந்தது. அதற்குக் கீழே சுமை இருந்தால் எத்தனை முறை வளைத்தாலும் அது நடைமுறையில் களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படிப்பட்ட தெளிவான எல்லை கிடையாது. சுமை குறைவானால் ஆயுள் நீளும், அவ்வளவுதான். எஃகு லீவர், அலுமினிய லீவர் இரண்டுக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது என்பதற்கு அடிப்படை இந்த வேறுபாடு.

எஃகு லீவர் என்றால் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய கனத்த கறுப்பு சைக்கிளின் கம்பி பிரேக்தான். ஒயரே இல்லாத அமைப்பு. ஹேண்டில்பாருக்கு அடியில் படுத்திருக்கும் லீவரிலிருந்து எஃகுக் கம்பிகளும் மூட்டுகளும் வழியாக இழுப்பு கீழே போய், பிரேக் கட்டைகளை ரிம்மின் உட்புறத்தில் மேல்நோக்கி அழுத்தும். இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு கூட்டாக 1949-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் முதல் லூதியானாவின் தயாரிப்புகள் வரை, நம் சாலைகளில் ஒரு தலைமுறைக்கு இதுதான் பிரேக். இந்த லீவர் மென்எஃகு. விரிசல் விட்டால் பட்டறைக்காரர் அந்த இடத்தில் வாய்க்கால்போல் அரம் போட்டு, கேஸ் வைத்துப் பித்தளை ஊற்றி ஒட்டிவிடுவார்; அல்லது மின்வெல்டிங் அடித்துத் தேய்த்துத் தருவார். ஒழுங்காகச் செய்தால் அது உண்மையிலேயே நிற்கும். மென்எஃகு சூட்டில் தன் பலத்தைப் பெரிதாக இழப்பதில்லை, இணைப்பைச் சுற்றிக் கொஞ்சம் கனம் கூட்டவும் இடமிருக்கிறது.

அதிலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. குரோம் பூச்சை முதலில் முழுவதும் தேய்த்து எடுக்கவேண்டும். பூச்சின் மேலேயே வெல்டிங் அடித்தால் இணைப்பு பிடிக்காது, கிளம்பும் புகை நுரையீரலுக்கு நஞ்சு. அடுத்தது, லீவர் சுழலும் கண் ஹேண்டில்பாரோடு பற்றவைத்ததாக இருந்து, விரிசல் அந்தக் கண்ணின் அடியில் இருந்தால், அது லீவர் பிரச்சினை என்பதைத் தாண்டி ஹேண்டில்பார் பிரச்சினை ஆகிவிடுகிறது. ஹேண்டில்பார் குழாயின் மெல்லிய சுவரைச் சுட்டுப் பற்றவைத்து அதன்மேல் உடல் எடையைச் சாய்ப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இனி அலுமினியம். ஆர்கான் வெல்டிங்காரரின் கைத்திறனில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கோயம்புத்தூர் பட்டறைகளில் மோட்டார் மூடிகளையும் இன்ஜின் பாகங்களையும் புதிதுபோல் ஒட்டித் தருகிறார்கள். தொல்லை பொருளில் இருக்கிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தத் தோலை உடைக்கத்தான் மாறுமின்னோட்டத்தில் ஆர்கான் வெல்டிங். அதைச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதவை அடுத்த இரண்டும்.

விலை குறைந்த லீவர்கள் டை காஸ்டிங். அச்சுக்குள் உருகிய உலோகத்தை அழுத்தத்தோடு செலுத்தும்போது காற்றும் உள்ளே சிக்கிக்கொள்கிறது. வெல்டிங் சூட்டில் அந்தக் குமிழ்கள் விரிந்து உலோகம் பொங்கும். இணைப்பு கடற்பஞ்சுபோல ஓட்டைகளோடு உறையும். மேலே தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. விலை உயர்ந்த ஃபோர்ஜிங் லீவரில் குமிழ் இல்லை. ஆனால் அதன் பலமே வெப்பப் பதனத்தால் வந்தது. 6061 கலவையைச் சுமார் 530 டிகிரிக்குச் சூடாக்கி, தண்ணீரில் சட்டென்று குளிர்வித்து, பிறகு 170 டிகிரி வட்டாரத்தில் பல மணி நேரம் வைத்தெடுத்தால்தான் அந்த 276 கிடைக்கிறது. பதனமே இல்லாத நிலையில் அதே உலோகம் 55-லேயே வளைந்துவிடும். வெல்டிங் சூடு, இணைப்பைச் சுற்றியுள்ள பகுதியின் பதனத்தைக் கலைத்து, பலத்தைப் பாதியளவுக்கு இறக்கிவிடுகிறது. லீவரில் அந்தப் பகுதி எது? சுமை உச்சமாக ஏறும் அதே வேர். மீண்டும் பதனம் செய்யலாம் என்று பாடநூல் சொல்லும், அதுவும் உண்மை. ஒற்றை லீவருக்காக உலையை மூட்டுகிற பட்டறையை நான் பார்த்ததில்லை.

வீட்டிலேயே கேஸ் டார்ச்சில் உருக்கி ஒட்டலாம் என்று விற்கும் அலுமினியக் குச்சிகளும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. அவை பெரும்பாலும் துத்தநாகக் கலவை, 400 டிகிரிக்குச் சற்றுக் கீழே உருகுபவை. பதனம் கலைய அந்தச் சூடே தாராளம். வளைந்த லீவரைச் சூடாக்கி நிமிர்த்தும் வழக்கத்துக்கும் இதே பதில். குளிர்ந்த நிலையில், மிக லேசான வளைவை, ஃபோர்ஜிங் லீவரில் ஒருமுறை நிமிர்த்துவதை ஒப்புக்கொள்ளலாம். காஸ்டிங் லீவர் நிமிராது, படீரென்று ஒடியும்.

எப்பாக்சிப் பசை பற்றி அதிகம் பேசவேண்டாம். இரண்டு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று அகலமாகப் படிந்து வழுக்க முயலும் இடத்தில் அது அருமையாகப் பிடிக்கும். வளைந்து வாய் பிளக்கும் மெல்லிய குறுக்குவெட்டில் அதற்கு வேலை இல்லை. விரிசல் முனையில் சின்னத் துளை போட்டு ஓட்டத்தை நிறுத்தும் உத்தியை விமானத் தகடுகளிலும் பாலங்களிலும் உண்மையாகவே கையாளுகிறார்கள். அங்கே துளை போட்ட பிறகும் மீதி அகலம் ஏராளம். 8 மி.மீ. லீவரில் துளை போட்டபின் மிஞ்சுவது என்ன? தகடு வைத்துக் கம்பி சுற்றுவது, வீடு போய்ச் சேர உதவும். பிளாஸ்டிக், கார்பன் லீவர்களுக்கு ஒரே வரி: மாற்றுங்கள். குறிப்பாகக் குழந்தைகள் சைக்கிளின் பிளாஸ்டிக் லீவர் வெயிலில் நின்று நின்று உள்ளுக்குள் நொறுங்கிப்போயிருக்கும். தெரியும் விரிசல் அதன் முதல் விரிசலாக இருக்காது.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். சைக்கிளில் உடையக்கூடிய பாகங்கள் பல. செயின் அறுந்தால் இறங்கித் தள்ளலாம். லீவர் மட்டும் ஒரு விசித்திரமான நேரத்தைத் தேர்ந்தெடுக்கும். மெதுவாகப் பிடிக்கும்போது அது உடையாது, ஏனென்றால் அப்போது சுமை இல்லை. உயிருக்குப் பயந்து முழு பலத்தோடு அழுத்தும் நொடியில்தான் சுமை உச்சத்தைத் தொடுகிறது, உடைவதும் அப்போதுதான். கையில் பிடிப்பு திடீரென்று விட்டுப்போக, உடல் முன்னால் சாய்ந்து ஹேண்டில்பாரும் ஒரு பக்கம் திரும்பிவிடும். நம் ஊர் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கை லீவர் முன்பிரேக்குக்கானது. வேகமாக நிறுத்தும்போது எடை முன்சக்கரத்துக்குத் தாவுவதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்கினுடையது. பின்பிரேக் இருக்கிறதே என்ற ஆறுதல் அதனால் பாதி ஆறுதல்தான்.

அதற்காகக் கோடு தெரிந்த லீவரையெல்லாம் கழற்றி எறியவேண்டியதில்லை. பாதிக் கோடுகள் வெறும் பெயிண்ட் கீறல், அல்லது பூச்சின் வெடிப்பு. தொழிற்சாலைகளில் சிவப்புச் சாயம் தெளித்து, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்துப் பார்ப்பார்கள். விரிசலுக்குள் போன சாயம் பொடியில் கசிந்து கோடு போடும். இதற்கு மூத்த முறை ரயில்வே பட்டறைகளில் இருந்தது: எண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, சுண்ணப்பொடி பூசி வைப்பது. வீட்டில் மண்ணெண்ணெயும் சாக்பீஸ் தூளும் போதும். லீவரைக் கழற்றி ஓர் இரவு ஊறப்போட்டு, நன்றாகத் துடைத்து, தூளைப் பூசி, லேசாக வளைத்துப் பிடியுங்கள். பொடியில் ஈரக்கோடு எழுந்தால் அது விரிசல். எழாவிட்டால் விரிசலே இல்லை என்று இந்தச் சோதனை உறுதி தராது. ஆனால் கீறலுக்குப் பயந்தவர்களில் பலரைக் காப்பாற்றும்.

இடமும் முக்கியம். முனைக் குண்டு மட்டும் உடைந்திருந்தால் பலத்தில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குண்டு அழகுக்காக வைத்ததல்ல. விழும்போது லீவர் உடலில் குத்தாமலிருக்க வைத்தது. மோட்டார் சைக்கிள் பந்தய விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. உடைந்த முனையை அரத்தால் உருட்டி, ரப்பர் மூடி போட்டு ஓட்டுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஹேண்டில்பாரைச் சுற்றிப் பிடிக்கும் வளையத்தில் விரிசல் என்றால், அளவுக்கு மீறி முறுக்கியதே பெரும்பாலும் காரணம். மலைப்பாதை ஓட்டிகள் அந்தப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்வாகவே விடுவார்கள். கீழே விழுந்தால் லீவர் உடையாமல் சுழன்றுகொடுக்கும். நூறு விரிசல்களைத் தடுக்கும் உத்தி அது, செலவே கிடையாது.

மாற்றுவதற்கு எதிராக ஒரு நேர்மையான வாதம் உண்டு: பூமி. ஒரு கிலோ புது அலுமினியம் பிரித்தெடுக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் வேண்டும். லீவர் 100 கிராம் என்றால் 1.4 யூனிட். பழையது காயலான் கடைக்குப் போய் உருக்கப்பட்டால், புது உலோகத்துக்குத் தேவைப்படும் ஆற்றலில் 5 சதவீதம் வட்டாரத்திலேயே வேலை முடிந்துவிடும். வெல்டிங் மெஷினும் ஆர்கான் சிலிண்டரும் சும்மா வருவதில்லை. எளிய ஒயர் லீவரைப் பொறுத்தவரை, பழுது பார்ப்பது பசுமை என்ற வாதம் எடுபடாது. ஜோடி லீவரே சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்போது காசு வாதமும் எடுபடாது.

புதுசு என்றாலே பத்திரம் என்று நினைப்பதும் தப்பு. ஜப்பானின் ஷிமானோ 1996-இல் கொண்டுவந்த வி-பிரேக்குக்கு, பழைய காலிப்பர் பிரேக்கைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு ஒயர் இழுக்கும் லீவர் வேண்டும். வி-பிரேக் லீவரைக் காலிப்பருக்கு மாட்டினால் கைக்குக் கெட்டியாக, திடமாகத் தெரியும். நிறுத்த இரண்டு மடங்கு அழுத்தவேண்டியிருக்கும். மாற்றி மாட்டினால் லீவர் கைப்பிடியைத் தொட்டுவிடும், பிரேக் முழுதாகப் பிடித்திருக்காது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் கடையில் கேட்காமல் வாங்குகிறவர்களுக்கு இது நேர்கிறது. விரிசலை விரட்டிவிட்டு வேறொரு ஆபத்தை வாங்கி மாட்டிக்கொண்ட கதை. லீவர் மாற்றும்போது உள் ஒயரையும் மாற்றிவிடுவது நல்லது. ஓரிரு இழை அறுந்த பழைய ஒயர் புது லீவரையும் பயனற்றதாக்கும்.

சிக்கல் முற்றுவது விலை உயர்ந்த சைக்கிள்களில். 1990-இல் ஷிமானோ பந்தய சைக்கிளின் பிரேக் லீவருக்குள்ளேயே கியர் மாற்றியை வைத்தது. 1992-இல் இத்தாலியின் கம்பாக்னோலோ தன் எர்கோபவரோடு வந்தது. ஓட்டுகிறவருக்கு அது வரம். பழுது என்று வந்தால், ஒரு பிளேடின் விரிசலுக்காக நுண்ணிய பற்சக்கரங்கள் நிரம்பிய நல்ல இயந்திரம் ஒன்று குப்பைக்குப் போகும் நிலை. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கிலும் இதே கதை: பிளேடு தனியாகக் கிடைத்தால் ஒரு ஆணியைத் தட்டி எடுத்து மாற்றிவிடலாம், ஆயிலைத் தொடவே வேண்டாம். கிடைக்காவிட்டால் சிலிண்டரோடு சேர்த்து மாற்றி, ஆயில் நிரப்பி, காற்று எடுத்து, அதிலும் மினரல் ஆயிலா டாட் திரவமா என்று பார்த்து ஊற்றி, அரை நாள் வேலை. பல மாடல்களுக்குத் தனி பிளேடு உதிரியாக இருக்கிறது. கடைகள் வரவழைத்துத் தருவதில்லை, அல்லது அப்படி ஒன்று இருப்பதாகவே சொல்வதில்லை. முழு செட் விற்பதில் லாபம் அதிகம் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இந்தியாவின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ‘பழுது பார்க்கும் உரிமை’க்கான இணையதளத்தைத் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட துறைகள் நான்கு: வேளாண் கருவிகள், செல்பேசி, வீட்டுச் சாதனங்கள், வாகனத் தொழில். சைக்கிளுக்கென்று தனி இடம் கொடுக்கப்படவில்லை. சைக்கிள் எப்போதும் சரிசெய்யக்கூடியது என்ற பழைய நம்பிக்கை அதற்குக் காரணமாக இருக்கலாம். கம்பி பிரேக் காலத்தில் அந்த நம்பிக்கை நியாயம். பிளேடு எண்ணைப் போட்டு உதிரி கேட்டால் கடைக்காரர் கையை விரிக்கும் இன்றைக்கு அது பொருந்தாது.

சேகரிப்பாளர்களைக் கடைசிக்கு வைத்தேன், அவர்களுக்கு விதி வேறு. இத்தாலியின் கயோலே இன் கியாந்தியில் 1997-இல் தொடங்கிய எரோய்கா ஓட்டத்தில் பொதுவாக 1987 அல்லது அதற்கு முந்தைய பந்தய சைக்கிள்களுக்கே இடம். பிரேக் ஒயர் ஹேண்டில்பார் நாடாவுக்கு வெளியே தெரிய வேண்டும். அந்தக் காலத்து மஃபாக், வைன்மன் லீவர்கள் இப்போது தயாரிப்பில் இல்லை. விரிசல் விட்ட மூல லீவரை வெல்டிங் செய்து பாலிஷ் போட்டுக் கண்ணாடி அலமாரியில் வைப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. அதே லீவரோடு டஸ்கனியின் சரளைச் சரிவில் இறங்குவது வேறு விஷயம். ஓட்டத்துக்குப் பழைய சந்தையில் முழுசாகத் தேடிய ஒன்று, அலமாரிக்கு ஒட்டிய ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்வதே சரி.

கழற்றிய விரிசல் லீவரை அப்படியே கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். பல சைக்கிள் கடைகளில் பழைய பாகங்கள் போட்டுவைக்கும் டப்பா ஒன்று இருக்கும். அவசரத்துக்கு வருகிறவருக்கு அதிலிருந்துதான் எடுத்து மாட்டுவார்கள். வைஸில் பிடித்து இரண்டாக ஒடித்து, காயலான் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.